மெஷினுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், முன் அறையில் நிற்கிற மெஷினும் நலம். அங்கே நீயும் உன் மகனும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஃபோனில் "எப்படிடா இருக்க?" என்று நான் கத்தினால் எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து "நல்லா இருக்கேங்க" என்கிறார். உனக்குத்தான் கேட்பதில்லை.

இது நானே என் கையால் எழுதுகிற கடிதம். ஆச்சரியப்பட வேண்டியதை இங்கேயே பட்டு முடித்துவிட்டு மேலே படி. மரம் அறுக்கிற மில் இரைச்சலில் உன் காது போய்விட்டது, அதே இரைச்சலில் நின்ற என் காது எப்படியோ தப்பித்துவிட்டது. இனி உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும் என்று புரிந்ததும், நூலகத்துக்குப் பக்கத்து அறையில் பெரியவர்களுக்காக நடக்கிற வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீச்சருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "ஐயா, பேனா எங்கயும் ஓடிப்போகாது, அதை ஏன் இப்படி நெரிக்கிறீங்க?" என்பார். உளியைப் பிடித்த கை அப்படித்தான் பிடிக்கும் என்று அவருக்குப் புரியவைக்கவே எனக்குப் பல நாள் ஆயிற்று. இப்போது கடைப் பலகை, பஸ் பலகை, சோப்பு உறை, எதிரே வருபவர் சட்டையில் எழுதியிருப்பது என்று ஒன்றையும் விடுவதில்லை. தெருவில் நடக்க எனக்கு முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்று உன் அக்கா சலித்துக்கொள்கிறாள். இந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழைகளை மட்டும் டீச்சர் திருத்தித் தருவார், விஷயத்தில் கை வைக்க மாட்டார் என்று பேச்சு. ஆகையால் பிழை இல்லாவிட்டால் அது அவர் கைவண்ணம், பிதற்றல் இருந்தால் அது என்னுடையது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னை இங்கே வா என்று கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. போன மாதம் உன் மகன் "கொஞ்ச நாள் அத்தை வீட்டுல போய் இருந்துட்டு வாங்களேன்ப்பா" என்று கேட்டதும், அதற்கு நீ "அங்க போய் நான் என்ன பண்றது? இங்க சும்மா உக்காந்திருக்கறத அங்க போய் உக்காரணுமா?" என்றதும் ஃபோன் வழியாக எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. காது கேட்காதவர்கள் ரகசியம் பேச முடியாதப்பா. உன் சம்சாரம் போனதிலிருந்து அந்த உயரத்து அடுக்குமாடி வீட்டில் ஜன்னலைப் பார்த்தபடியே நீ உட்கார்ந்திருப்பதாகவும், உளி, இழைப்புளி எல்லாவற்றையும் யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதாகவும் உன் மகன் சொன்னான். அதைப் பற்றியெல்லாம் நான் வாயைத் திறக்கப்போவதில்லை. உன் ஜன்னல், உன் இஷ்டம். நான் மெஷின் வாங்கிய கதையைச் சொல்ல மட்டும்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

போட்டோக்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற ஒருவர் கடையை மூடுவதாகக் கேள்விப்பட்டு, வீட்டுக்கு ஒரு சட்டம் வாங்கத்தான் போனேன். அவருடைய கொட்டகை மூலையில் பழைய கோணிகளுக்கு அடியில் மரம் அறுக்கிற ஒரு பேண்ட்சா நின்றுகொண்டிருந்தது. என் உயரம்தான். மில்லில் நம்முடைய மெஷினைப் பெரியம்மா என்று கூப்பிடுவோமே, இது பெரியம்மாவுக்குப் பேத்தி மாதிரி. ஆனால் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற பிளேடு, நடுவில் மரத்தை வைத்துத் தள்ளுகிற மேசை என்று பாட்டிக்கு இருந்த அங்கமெல்லாம் பேத்திக்கும் இருந்தது. துருப்பிடித்த மூடியை இழுத்துத் திறந்தேன். உள்ளே தேங்கியிருந்த மரத்தூளின் வாசனை முகத்தில் அடித்தது பார், மச்சான், மில் வாசலில் மழையில் ஊறிக் கிடந்த கட்டைகளும், தகரக் கூரையில் விழுந்த வெயிலும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு புருவம் இமை மீசை எல்லாம் தூளாக நீ நின்ற கோலமும், எல்லாமே ஒரே மூச்சில் மூக்குக்குள் போய்விட்டன. பிறகு தும்மினேன். தும்மி முடிப்பதற்குள் வாங்கிவிட்டேன். சட்டம் வாங்க மறந்துபோனேன்.

வண்டியிலிருந்து இறக்கும்போது உன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்ன இது?"

"பேண்ட்சா."

"அது தெரியுது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதோட தூளைத்தானே உங்க சட்டையிலேர்ந்து தட்டிக்கிட்டிருந்தேன். இப்ப எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா வாங்கற சாமானா இது? ஒரு கிளி வாங்கிட்டு வந்திருந்தாக்கூட பேச்சுத்துணைக்கு ஆச்சு."

பின்னறைக்குக் கொண்டுபோகலாம் என்றால் நடுவாசலில் நுழையவில்லை. மெஷினின் மேசையைக் கழற்றிப் பார்த்தேன், நுழையவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் நுழையவில்லை. மேசையைத் திரும்ப மாட்டிவிட்டேன். கதவைத் திரும்ப மாட்ட முடியவில்லை, அது இன்னும் சுவரில் சாய்ந்து நின்று எங்கள் குடும்பத்தை வேடிக்கை பார்க்கிறது. மெஷின் முன் அறையிலேயே தங்கிவிட்டது. உன் அக்கா அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுல பெரியவங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார்.

சரி, வேலையை ஆரம்பிக்கலாம் என்று கீழ்ச்சக்கரத்துப் பெட்டியைத் திறந்தால், உள்ளே எங்கிருந்தோ வந்த ஒரு பூனை குட்டி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. மெல்லக் கிளப்பலாம் என்று கையை நீட்டினேன். "பச்சை உடம்புக்காரியைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்று உன் அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். மெஷின் வந்த நாளிலிருந்து அதன் பக்கம் திரும்பாதவள், அன்றிலிருந்து கிண்ணத்தில் பாலை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். குட்டிகள் கண் திறந்து, நடை பழகி, தாயும் பிள்ளைகளுமாகக் குடி பெயர்கிற வரைக்கும் நான் மேல்சக்கரத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே அவ்வளவு பளபளப்பான மேல்சக்கரம் வேறு எங்கும் இருக்காது.

சக்கரங்களைச் சுற்றியிருந்த ரப்பர் பழைய செருப்பு மாதிரி இறுகி, விண்டு விண்டு போயிருந்தது. நான் கெட்டிக்காரன் அல்லவா, சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் பிளேடு மேல்சக்கரத்தில் குடிகாரன் நடப்பதுபோல் முன்னும் பின்னும் தள்ளாடியது. அணைத்துவிட்டு உதிரி பாகம் விற்கிற கடைக்குப் போய் அசல் ரப்பரை வாங்கி வந்தேன். அது சக்கரத்தைவிடச் சிறியதாக இருந்தது. சுடுதண்ணீரில் போட்டால் நெகிழும், சூட்டோடு இழுத்து மாட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டிலேயே பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினேன். உன் அக்கா வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க வேகுது?"

"டயர்."

அவள் மூடியைத் திரும்ப வைத்தாள். "வெந்துடுச்சான்னு பார்க்க என்னைக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். ஆனால் மாட்டுகிற நேரத்தில் கரண்டிக் காம்பை வைத்து ஒரு ஓரத்தை அவள்தான் அமுக்கிப் பிடித்தாள். நான் மறு ஓரத்தை இழுக்க, அது பட்டென்று சக்கரத்தில் போய் உட்கார்ந்த வேகத்தில் நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். எழுந்திருக்க ஒருவருக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதில் கொஞ்ச நேரம் போயிற்று, சிரித்ததில் கொஞ்ச நேரம்.

அடுத்தது பிளேடு. எவ்வளவு நீளம் வேண்டும் என்று கடையில் கேட்பார்கள் என்று தெரியும். மேல்சக்கரத்தையும் கீழ்ச்சக்கரத்தையும் சேர்த்து ஒரு கயிற்றைச் சுற்றி, இழுத்துப் பிடித்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனேன். கடைக்காரர் அந்த அளவுக்கே பட்டையை வெட்டி, முனைகளைப் பற்றவைத்து, வளையமாக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால், அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி தொளதொள என்று தொங்குகிறது. கயிற்றையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். அவர் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அது நீண்டது. இன்னும் இழுத்தார், இன்னும் நீண்டது. "ஐயா, இது துணி காயப்போடுற கயிறா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப துணியே காயப்போடுங்க" என்று சொல்லி ஒரு கம்பித் துண்டைக் கொடுத்தனுப்பினார்.

கம்பியோடு மறுபடி போனபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "என்ன அறுக்கப்போறீங்க? வளைச்சு அறுக்கறதுன்னா பட்டை குறுகலா இருக்கணும், நேரா அறுக்கறதுன்னா அகலமா இருக்கணும். தடிச்ச கட்டைன்னா பெரிய பல்லு, மெல்லிசுப் பலகைன்னா பொடிப் பல்லு. நீங்க எது அறுக்கறீங்க?" நம் மில்லில் இதை யார் நம்மைக் கேட்டார்கள்? வந்ததை அறுத்தோம். அறுத்து முடிப்பதற்குள் அடுத்த கட்டை வந்து நின்றது. "மரம்" என்றேன். "மரம்னு எனக்கும் தெரியுதுங்க" என்றார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள். "நடுத்தரமா ஒண்ணு குடுங்க, நானும் நடுத்தரமான ஆள்தான்" என்று சொல்லி வாங்கிவந்தேன்.

ஆனால் கடையை விட்டு வெளியே வந்ததும் ஒரு காரியம் செய்தேன். நிழலாகப் பார்த்து நின்று, அந்த பிளேடு உறையில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாக, முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தேன். ஈரம் படாமல் வைக்கவும். கையுறை அணியவும். பற்களின் முனை கீழ்நோக்கி இருக்கட்டும். அவ்வளவுதான். உறையைத் திருப்பிப் பார்த்தேன், உட்புறத்தையும் பிரித்துப் பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மில்லுக்குப் புது பிளேடு வரும்போதெல்லாம் உறையில் உள்ளதை நீதான் எனக்குப் படித்துக் காட்டுவாய். "இதையும் கேட்டுக்கங்க மாமா, மரத்தைத் தள்ளுறவர் எதிர்ப்பக்கம் நின்னு வாங்குறவருக்கு தினமும் டீ வாங்கித் தரணுமாம், இல்லேன்னா பிளேடு அறுந்துபோறதுக்குக் கம்பெனி பொறுப்பில்லையாம்" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் படித்தாயே! அடேய், பாதி நம்பாமல், பாதி நம்பி, மில் மூடுகிற நாள் வரைக்கும் உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேனே! நிழலில் நின்று நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து ஒரு பெண்மணி தன் குழந்தையைக் கையைப் பிடித்து எதிர்ச்சாரிக்குக் கூட்டிப் போனார். அப்போதே படிக்கத் தெரிந்திருந்தால் அந்த டீயெல்லாம் மிச்சமாகியிருக்கும். ஆனால் அதைக் குடித்துக்கொண்டு கட்டைகளின் மேல் நாம் உட்கார்ந்திருந்த நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. லேட்டாகப் படித்தாலும் சரியான நேரத்தில்தான் படித்திருக்கிறேன்.

பிளேடை மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். அழகாக ஓடியது. ஒரு பலகையை வைத்துத் தள்ளினேன். பிளேடு பின்னால் சாய்ந்து, சக்கரத்திலிருந்து கழன்று, படார் என்று மூடிக்குள் அடித்தது. திரும்ப மாட்டினேன், திரும்பக் கழன்றது. சும்மா ஓடும்போது சாது, மரத்தைக் காட்டினால் மிரண்டது. பல் பெரியது என்று நினைத்துப் பொடிப் பல் பிளேடு வாங்கினேன். கழன்றது. பட்டை போதாது என்று அகலமானது வாங்கினேன். கழன்றது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று புது ஸ்பிரிங் போட்டேன். முன்னைவிட வேகமாகக் கழன்றது. என்னைப் பார்த்தால் அந்தக் கடைக்காரர் இப்போதெல்லாம் நாற்காலி போடுகிறார். என்ன கோளாறு என்று வந்து பார்ப்பதாக அவர் சொன்னார், நான்தான் ரோஷத்தில் வேண்டாம் என்றுவிட்டேன். மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று உன் அக்கா தரையைக் கூட்டிக்கொண்டே மெஷினுக்குப் பின்னால் போனாள். விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"என்னங்க, இங்க ஒரு ஓட்டை இருக்கே. இதுல எதுவும் வர வேண்டாமா?"

"எங்க?"

"பிளேடுக்கு முதுகுப் பக்கம். போல்ட்டு போடுற மாதிரி வெறும் ஓட்டை."

"அந்தப் பக்கமெல்லாம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மச்சான், அத்தனை மாதமாக நான் அந்த மெஷினின் பின்பக்கம் போகவே இல்லை! நான் முன்னால் நின்று தள்ள, நீ பின்னால் நின்று இழுப்பாய். ஒரே திருகை முன்னாலிருந்து நான் இறுக்க, பின்னாலிருந்து நீ தளர்த்த, ஒரு காலை முழுவதும் இதே கூத்து நடந்து, நம் இருமல் மேஸ்திரி வந்து, முதலில் இருமி, பிறகு சட்டம் போட்டாரே, நினைவிருக்கிறதா? "முன்னால இருக்கறது அவன் சொத்து, பின்னால இருக்கறது இவன் சொத்து. எவன் எவன் சொத்துல கை வச்சாலும் கையை ஒடிப்பேன்" என்று. மில் போய், மேஸ்திரி போய், அந்த இருமலும் போய்விட்டது. சட்டம் மட்டும் என் காலைக் கட்டிப்போட்டு வைத்திருந்திருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், மரத்தைத் தள்ளும்போது பிளேடு பின்னால் போகாமல் அதன் முதுகைத் தாங்குவதற்கு அங்கே ஒரு சின்ன பேரிங் இருக்க வேண்டுமாம். நம் பெரியம்மாவுக்கு அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. அத்தனை வருஷமும் அதைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, தேய்ந்தால் மாற்றி நீ பார்த்துக்கொண்டாய், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிளேடு என் கைராசியால் ஒழுங்காக ஓடுகிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேரிங் வாங்கிவந்து மாட்டினேன். பின்பக்கம் போகும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஸ்விட்சைப் போட்டு, பலகையை வைத்துத் தள்ளினேன். பிளேடு அசையவில்லை. மரம் வெண்ணெய் மாதிரி பிளந்துகொண்டு போனது. அந்தச் சத்தம், அந்த வாசனை, விரல் நுனிக்கு வந்து சேர்கிற அந்த அதிர்வு, எதுவும் மாறவில்லை. முடிவு நெருங்கும்போது, நீ இழுத்துக்கொள்வதற்காக, பழக்க தோஷத்தில் தாடையை மேலே தூக்கினேன். இரைச்சலில் நமக்கு ஏது பேச்சு, தாடைதானே பேச்சு. பலகை மேசையைத் தாண்டிப் போய், யாரும் வாங்காமல், தொபுக்கென்று தரையில் விழுந்து, முனை உடைந்தது.

உன் அக்கா அதைக் குனிந்து எடுத்தாள். "அந்தப் பக்கம் யார் புடிப்பாங்கன்னு நினைச்சுத் தள்ளினீங்க?" என்றாள். நான் மெஷினை அணைத்தேன்.

இப்போது அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்திருக்கிறேன். அறுத்த பலகை அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. நல்ல ஸ்டூல். பொய் படிப்பதில்லை, டீ கேட்பதில்லை, தள்ளுவது கோணல் என்று முறைப்பதில்லை. ஆகையால் எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மெஷின் முழுசாகச் சரியாகிவிட்டது, ஒற்றை ஆளே ஓட்டலாம். நீ கவலைப்படவோ பஸ் ஏறவோ அவசியமே இல்லை. நீ கேட்டது நியாயமான கேள்விதான், இங்கே வந்து நீ என்ன செய்யப்போகிறாய்? சௌகரியமாக ஜன்னல் பக்கம் இரு.

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. அவர்கள் கை வைத்த காரியமெல்லாம் நேராகவே போகட்டும். உன் கண் தெளிவாக இருக்கட்டும், காதுக்கு இனிமேல் அவ்வளவு வேலை இல்லை. உன் அக்கா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். அதையே இன்னும் பல விதமாகச் சொன்னாள், எனக்குக் கை வலிக்கிறது என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்படிக்கு,
இவ்வளவு காலம் கைநாட்டு வைத்து, இப்போது கையெழுத்துப் போடுகிற
உன் மாமா

பின்குறிப்பு: இது டீச்சர் கண்ணில் படாமல் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மேலே எழுதியது எல்லாம் நேற்று வரைக்கும் உண்மை. கிழித்துப் போட்டு வேறு எழுதலாம் என்றால், இதை எழுதி முடிக்கப் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும், ஆகையால் நீயே மனசுக்குள் அடித்துத் திருத்திக்கொள். மெஷின் ஓடவில்லை. பின்பக்கத்துப் பேரிங்கை இன்று காலை கழற்றிவிட்டேன். கழற்றியது நான், ஸ்பானரைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தது உன் அக்கா. இந்தக் கடிதத்தின் உறையைப் பிரித்தபோது உருண்டு விழுந்திருக்குமே, அதுதான். அதை மாட்டுகிற வேலை என்னுடையது இல்லை, அந்தப் பக்கம் உன் சொத்து. நேரில் கொண்டு வந்து மாட்டு. தபாலில் மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே. எங்களுக்கு எது வந்தாலும் வாங்க மாட்டோம் என்று தபால்காரரிடம் உன் அக்கா இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.